திரும்பப் பெறப்படும் ரிமோட்: நன்றாக இயங்குகிறதே, ஏன் ஒப்படைக்க வேண்டும்?

வாசகர் கேள்வி:

நான் சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறேன். என் 14 வயது மகனும் நானும் வார இறுதிகளில் ரிமோட் விமானங்களைப் பறக்கவிடுவது வழக்கம். எங்களிடம் மூன்று விமானங்களும் ஒரு படகும், அவற்றை இயக்க ஒரே மாடலில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்களும் (கையில் பிடிக்கும் ரிமோட்) உள்ளன. ஒன்றை 14 மாதங்களுக்கு முன்பு இங்குள்ள கடையில் 340 வெள்ளிக்கு வாங்கினேன். மற்றொன்றைத் திடலில் பழக்கமான ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். அதற்கு ரசீது இல்லை. சுவிட்சை வேகமாக அணைத்துப் போட்டால் டிரான்ஸ்மிட்டரின் அடையாள எண் அழிந்துவிடக்கூடும் என்றும், குறிப்பிட்ட வரிசை எண்கள் கொண்டவற்றைத் திரும்பப் பெற்று உள்ளிருக்கும் மின்பலகையை மாற்றித் தருவதாகவும் தயாரிப்பாளர் சென்ற மாதம் அறிவித்தார். எங்களுடைய இரண்டு எண்களும் பட்டியலில் உள்ளன. வெளிநாட்டுச் சேவை நிலையத்துக்கு நானே அனுப்ப வேண்டும், அஞ்சல் செலவும் என்னுடையது என்கிறார் கடைக்காரர். ஓராண்டுக்கு மேலாக இரண்டும் நன்றாகவே இயங்குகின்றன. மார்ச் மாதத்தில் ஒரே ஒரு முறை விமானம் அசையவில்லை. மகன் டிரான்ஸ்மிட்டரையும் விமானத்துக்குள் இருக்கும் ரிசீவரையும் மறுபடியும் இணைத்ததும் (பைண்ட் செய்ததும்) சரியாகிவிட்டது. சுவிட்சை மெதுவாகப் போட்டால் போதும் என்கிறார் நண்பர். அப்படியே பயன்படுத்தலாமா? படகுக்கு மட்டுமாவது ஒன்றை வைத்துக்கொள்ளலாமா? கடைக்காரர் சொல்வது சரியா?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். மார்ச் மாதத்தில் விமானம் அசையாமல் நின்றதும், மறுபடியும் பைண்ட் செய்ததும் சரியாகிவிட்டதும் கோளாறு தீர்ந்ததற்கு அடையாளம் அல்ல. பெரும்பாலும் கோளாறு குடிபுகுந்த நாள் அதுவாகத்தான் இருக்கும். எனவே, இரண்டு டிரான்ஸ்மிட்டர்களிலிருந்தும் இன்றே பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பதை விளக்கிவிட்டு, கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன்.

இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் வானொலி அலை வருவதற்கு முன்பு, டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒரே அலைவரிசையில் இயங்க இரண்டிலும் ஒரு சிறிய படிகத்தைச் செருகுவோம். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் சுவிட்சைப் போட்டால் வானத்தில் இருக்கும் விமானம் விழும். அதனால் திடலில் ஒரு பலகை இருக்கும். அதில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பைக் கையில் வாங்காமல் யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது என்பது எழுதாத சட்டம். 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர்கள் புழக்கத்துக்கு வந்ததும் அந்தப் பலகை மறைந்தது. ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் தொழிற்சாலையிலேயே தனி அடையாள எண் எழுதப்படுகிறது; பைண்ட் செய்யும்போது ரிசீவர் அந்த எண்ணை மனத்தில் பதித்துக்கொண்டு, அதன்பின் அந்த எண்ணோடு வரும் கட்டளைக்கு மட்டுமே பணிகிறது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பறக்கவிட்டாலும் மோதல் வராததற்கு அந்த எண்தான் காரணம். பழைய கிளிப்பின் வேலையை இன்று அது செய்கிறது.

உங்கள் அறிவிப்பில் சொல்லப்படும் கோளாறு அந்த எண்ணையே தொடுகிறது. டிரான்ஸ்மிட்டரின் நினைவகச் சில்லுக்குள் எழுதப்பட்டிருக்கும் எண், மின்னழுத்தம் சரிந்துகொண்டிருக்கும் ஒரு நொடித் துணுக்கில் சில்லு எதையாவது எழுத முற்பட்டால் கெட்டுப்போகலாம். நல்ல வடிவமைப்பில், அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் எழுதும் வேலையைத் தடுத்துவிடும் சிறு காவல் சுற்று இருக்கும். அது இல்லாவிட்டாலோ சரியாக அமையாவிட்டாலோ, சுவிட்சை அணைத்து உடனே போடும்போது எண் அழிந்து, அந்த இடத்தில் வெறும் பூஜ்யங்கள் நின்றுவிடும். அப்போது விமானம் அசையாது, ஏனென்றால் ரிசீவர் பழைய எண்ணுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டம் வரை ஆபத்து எதுவும் இல்லை. விமானம் தரையில்தான் இருக்கிறது. ஆபத்து அடுத்த அடியில் வருகிறது. "பைண்ட் போய்விட்டது" என்று நினைத்து நாம் மறுபடியும் பைண்ட் செய்கிறோம். ரிசீவர் இப்போது பூஜ்யத்தையே தன் எசமானின் எண்ணாகக் கற்றுக்கொள்கிறது. எல்லாம் பழையபடி இயங்குகிறது. ஆனால் இதே கோளாறு நேர்ந்து இதேபோல் மறுபடியும் பைண்ட் செய்யப்பட்ட வேறொரு டிரான்ஸ்மிட்டர் திடலில் இருக்குமானால், அதன் எண்ணும் அதே பூஜ்யம்தான்.

இதை நான் என் பணிமேசையில் பார்த்திருக்கிறேன். ஒரே மாடல் டிரான்ஸ்மிட்டர்கள் இரண்டைப் பழுதுபார்ப்புக்குக் கொண்டுவந்திருந்தார் ஒருவர். இரண்டு ரிசீவர்களையும் அவற்றோடு இணைத்த இரண்டு சர்வோக்களையும் (விமானத்தின் மடிப்புகளை அசைக்கும் சிறு மோட்டார்கள்) மேசையில் வைத்துவிட்டு, இடப்பக்கம் இருந்த டிரான்ஸ்மிட்டரின் ஸ்டிக்கை மெல்லத் தள்ளினேன். இரண்டு சர்வோக்களின் கைகளும் ஒருசேரத் திரும்பின. வலப்பக்க டிரான்ஸ்மிட்டரையும் போட்டதும் இரண்டும் நடுங்கத் தொடங்கின. எந்தக் கட்டளையைக் கேட்பது என்று தெரியாமல் தவிப்பதுபோல் அங்கும் இங்கும் துடித்தன. உடன் வந்திருந்த பையன் சிரித்தான், அவன் தந்தை சிரிக்கவில்லை. அந்த இரண்டையும் அவர்கள் முந்தைய ஞாயிற்றுக்கிழமை அடுத்தடுத்து நின்று பயன்படுத்தியிருந்தார்கள். சில அமைப்புகளில், டிரான்ஸ்மிட்டர் ஒவ்வொரு விமானத்துக்கும் தரும் மாடல் எண்ணையும் சேர்த்துச் சரிபார்க்கும் வசதி இருப்பதால் இந்த மோதல் எப்போதும் தலைகாட்டும் என்று சொல்ல முடியாது. பல வாரங்கள் ஒன்றுமே நடக்காமல் போகலாம். ஓராண்டுக்கு மேலாக நன்றாக இயங்குவதாக நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன், ஆனால் அதைச் சான்றாக ஏற்க முடியாது. உங்கள் வீட்டில் ஒரே பட்டியலைச் சேர்ந்தவை இரண்டு இருக்கின்றன; தந்தையும் மகனும் ஒரே திடலில் ஒரே நேரத்தில் நிற்கிறீர்கள். இந்தக் கோளாறு வெளிப்படத் தேவையான சூழல் வேறு எங்கும் இவ்வளவு பொருத்தமாக அமையாது.

நண்பர் சொல்லும் யோசனைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சுவிட்சை நீங்கள் மெதுவாகத்தான் போடுவீர்கள். சுவிட்ச் மெதுவாக நடந்துகொள்ளுமா என்பதே கேள்வி. நகரும் சுவிட்சின் உள்ளே இருக்கும் உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொடும்போது ஒருமுறை தொட்டு நிற்பதில்லை. மிகக் குறுகிய நேரத்துக்குள் பலமுறை துள்ளிய பிறகே அடங்குகின்றன. நம் ஊர் ஈரக் காற்றிலும் உள்ளங்கை வியர்வையிலும் தகடுகள் மங்கிப்போன பழைய சுவிட்ச் இன்னும் அதிகமாகத் துள்ளும். பேட்டரிப் பெட்டியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், டிரான்ஸ்மிட்டரைச் சற்று வேகமாகப் புல்தரையில் வைத்தாலே மின்சாரம் போய்த் திரும்ப வரும். இவை எல்லாமே வேகமாக அணைத்துப் போடுவதற்குச் சமம். ஃபர்ம்வேரை, அதாவது உள்ளிருக்கும் மென்பொருளைப் புதுப்பித்தால் போதும் என்று யாராவது சொன்னாலும் அறிவிப்பையே நம்புங்கள். மென்பொருளால் தீரக்கூடியதாக இருந்திருந்தால், மின்பலகையை மாற்றும் செலவை எந்தத் தயாரிப்பாளரும் விரும்பி ஏற்கமாட்டார். இன்னொன்றையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் சுவிட்சைப் பத்து முறை தட்டிப் பார்க்காதீர்கள். ஒன்றும் ஆகாவிட்டால் அதனால் எதுவும் நிரூபணமாவதில்லை. ஆகிவிட்டால் கோளாறை வரவழைத்தவர் நீங்களே.

படகுக்கு ஒன்றை ஒதுக்கிக்கொள்ளலாமா என்ற கேள்விக்கும் வேண்டாம் என்பதே என் பதில். படகு வானத்திலிருந்து விழாது என்பது உண்மைதான். ஆனால் என்றாவது ஒரு சனிக்கிழமை விமானத்துக்கான டிரான்ஸ்மிட்டரில் சார்ஜ் இல்லாமல் போகும். படகின் டிரான்ஸ்மிட்டர் காரின் பின்பெட்டியில் இருக்கும். "இன்று ஒரு நாள்தானே" என்று ஒருவர் சொல்வார். இந்தப் பொழுதுபோக்கில் இத்தனை ஆண்டுகளாகப் பழகிய எனக்கு அந்த ஒருவர் யார் என்று தெரியும், பல முறை அது நானாகவே இருந்திருக்கிறேன். மகனின் நண்பர்களுக்குக் கொடுப்பதும் இணையத்தில் விற்பதும் பேச்சுக்கே இடமில்லாதவை. பேட்டரியைக் கழற்றியபின் ஸ்டிக்குகளின் குறுக்கே ஒரு சிவப்பு ஒட்டுநாடாவை ஒட்டி வையுங்கள்; வீட்டில் வேறு யாராவது எடுத்தாலும் ஒரு கணம் நின்று யோசிப்பார்கள்.

இனிக் கடைக்காரரிடம் வருவோம். பணத்தை நீங்கள் தயாரிப்பாளரிடம் கொடுக்கவில்லை, கடைக்காரரிடம் கொடுத்தீர்கள். எனவே குறையுள்ள பொருளுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் நடப்பில் இருக்கும் லெமன் சட்டத்தின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொருளை ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். ஆறு மாதம் கடந்துவிட்டால் அதை நிரூபிக்கும் பொறுப்பு வாங்கியவருக்கு வருகிறது. சாதாரணப் பொருளில் இது பெரிய தலைவலி. உங்கள் விஷயத்தில் அந்த வேலையைத் தயாரிப்பாளரே செய்து முடித்துவிட்டார்: தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோதே குறையோடு வந்தவை என்று வரிசை எண் வாரியாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த அறிவிப்பை அச்சிட்டு, டிரான்ஸ்மிட்டரின் பின்புறமோ பேட்டரிப் பெட்டிக்குள்ளோ இருக்கும் வரிசை எண்ணைப் படமெடுத்து, ரசீதையும் சேர்த்துக் கடைக்காரரிடம் எழுத்து மூலம் கொடுங்கள். பழுதுபார்த்தோ மாற்றியோ தருவதற்குத் தேவையான செலவை விற்றவரே ஏற்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உள்ளது. அஞ்சல் செலவும் அதில் அடங்கும். நியாயமான காலத்துக்குள் அவர் செய்து தராவிட்டால், விலையில் ஒரு பகுதியைக் குறைக்கவோ பணத்தைத் திரும்பத் தரவோ நீங்கள் கேட்கலாம்.

பேச்சு எடுபடாவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அதற்கும் பணியாவிட்டால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது; 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அது விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் இரண்டு ஆண்டுக் காலவரம்பு உண்டு. நீங்கள் வாங்கி 14 மாதங்கள் ஆகிவிட்டன. வாங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் மீதி இருப்பது 10 மாதங்கள். கடைக்காரர் அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று இழுத்தடித்தால் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். அவர் அடிக்கடி முகம் பார்க்கும் மனிதராக இருப்பார், நம்முடைய உலகம் சிறியது என்பதும் எனக்குத் தெரியும். பெரும்பாலான கடைக்காரர்கள் சட்டத்தின் பெயரைக் கேட்பதற்கு முன்பே, எழுத்தில் ஒரு கடிதம் வந்ததும் வழிக்கு வந்துவிடுகிறார்கள்.

பழையதாக வாங்கியதற்கு இந்த வழி திறக்காது. வணிகர் விற்ற பழைய பொருளுக்கு லெமன் சட்டம் பொருந்தும். தனிமனிதர் தனிமனிதருக்கு விற்றதற்குப் பொருந்தாது. ஆனால் அதனால் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. தயாரிப்பாளர் திரும்பப் பெறுவது பொருளை, வாங்கியவரை அல்ல. பட்டியலில் இருப்பது வரிசை எண், ரசீது எண் அல்ல. அதனால் கடைக்காரரை விட்டுவிட்டு நேரடியாகத் தயாரிப்பாளரின் சேவை நிலையத்துக்கு எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். குறையுள்ள ஒரு டிரான்ஸ்மிட்டர் உலகத்தில் எங்கோ ஒரு திடலில் இயங்கிக்கொண்டிருப்பது அவர்களுக்கும் நல்லதல்ல. இந்தப் பொருள் இன்னமும் இங்கு விற்கப்படுவதை நீங்கள் கண்டால், பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்புக்குத் தெரிவியுங்கள்.

அனுப்புவதற்கு முன் இரண்டு வேலைகள் உள்ளன. ஒவ்வொரு விமானத்துக்கும் படகுக்கும் டிரான்ஸ்மிட்டரில் உள்ள அமைப்புத் திரைகளையும் ஒன்று விடாமல் படமெடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மின்பலகை மாறும்போது நினைவகமும் போய்விடும். லித்தியம் பேட்டரியாக இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துக்கொண்டு டிரான்ஸ்மிட்டரை மட்டும் அனுப்புங்கள். உங்கள் அறிவிப்பு பேட்டரியைப் பற்றியது அல்ல. பேட்டரியையே திரும்பப் பெறும் அறிவிப்பாக இருந்தால் அதை விமானத்தில் அனுப்பவே கூடாது, பாதுகாப்புக் குறைபாடு உள்ளதாக அறிவிக்கப்பட்ட லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் ஏற்றுவதற்குச் சர்வதேசத் தடை இருக்கிறது. பழுதுபார்க்காமல் வேறொரு புதிய டிரான்ஸ்மிட்டரைத் தர முன்வந்தால், அது சிங்கப்பூரில் பயன்படுத்தத் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தில் பதிவானதுதானா என்றும், உங்களிடம் உள்ள ரிசீவர்களோடு சேருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐரோப்பிய விதிகளுக்கு ஏற்ப எழுதப்பட்ட ஃபர்ம்வேர் கொண்ட டிரான்ஸ்மிட்டர், பிற வட்டாரங்களுக்கான ரிசீவரோடு பைண்ட் ஆக மறுக்கும் அமைப்புகள் உண்டு. விமானத்தின் எடை 250 கிராமுக்கு மேல் இருந்தால் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் நீங்கள் பதிவு செய்திருப்பீர்கள். அந்தப் பதிவு விமானத்துக்கானது என்பதால் டிரான்ஸ்மிட்டர் மாறுவது அதைப் பாதிக்காது.

சரியான டிரான்ஸ்மிட்டர் கைக்கு வந்த நாளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. கோளாறோடு ஓராண்டு தப்பித்த விமானம், மாற்றி வாங்கிய முதல் நாளில் நொறுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். புதிய பலகையில் எல்லா அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியிருக்கும். சர்வோக்கள் திரும்பும் திசையும் அதில் அடங்கும். அந்த விமானத்தின் சொந்தக்காரர் ஸ்டிக்கை ஆட்டிப் பார்த்தார், இறக்கையின் மடிப்புகள் அசைந்தன, திருப்தியோடு பறக்கவிட்டார். அசைகிறதா என்று பார்த்தாரே தவிர எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்கவில்லை. வலப்பக்கம் சாய்த்தால் விமானம் இடப்பக்கம் சாய்ந்தது. சரிசெய்வதாக நினைத்து இன்னும் வலப்பக்கம் தள்ளினார். தரையிலிருந்து எழும்பி மூன்று நொடிகூட ஆகியிருக்காது.

ஆகவே வீட்டிலேயே, விமானத்தின் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். முதலில் பைண்ட். பிறகு ஃபெயில்சேஃப் எனப்படும், தொடர்பு அறுந்தால் ரிசீவர் தானாகச் செல்லும் பாதுகாப்பு நிலையைப் புதிதாகப் பதியுங்கள். பல அமைப்புகளில் பைண்ட் செய்யும் கணத்தில் ஸ்டிக்குகள் எந்த நிலையில் இருக்கின்றனவோ அதுவே பாதுகாப்பு நிலையாகப் பதிவாகும் என்பதால், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திராட்டில் ஸ்டிக் கீழே இருப்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அடுத்து மோட்டாரைச் சிறிது சுழலவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். ஓரிரு நொடிகளுக்குள் மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த விமானம் அன்று வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. பின்னர் விமானத்தின் பின்னால் நின்றுகொண்டு, மகன் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளும்போது வலது இறக்கையின் மடிப்பு மேலே எழுகிறதா, தன் பக்கம் இழுக்கும்போது வாலின் மடிப்பு மேலே எழுகிறதா என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கண்ணால் பார்ப்பதைவிட வாயால் சொல்வதில் தவறு குறைகிறது. திடலுக்குப் போனதும், டிரான்ஸ்மிட்டரின் சக்தியைக் குறைக்கும் சோதனை நிலையில் வைத்துக்கொண்டு சுமார் 30 எட்டுகள் பின்னோக்கி நடந்து, சர்வோக்கள் தயங்காமல் பணிகின்றனவா என்று பாருங்கள். அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்தில் இந்தத் தூரச் சோதனையைச் செய்து மனம் கலங்காதீர்கள். சுற்றிலும் இருக்கும் பல வீடுகளின் வைஃபையும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று, பலரும் தவறவிடுவது. டிரான்ஸ்மிட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாலும், மார்ச்சில் பைண்ட் செய்த ரிசீவர் அந்தப் பூஜ்ய எண்ணை இன்னமும் மறக்கவில்லை. அதற்கு மின்சாரம் கொடுத்துத் திடலில் வைத்தால், கோளாறுள்ள வேறு எவருடைய டிரான்ஸ்மிட்டருக்கும் அது பணியக்கூடும். அதனால் இப்போது பறக்கவிடுவது ஒன்றே ஒன்றாக இருந்தாலும், மூன்று விமானங்களையும் படகையும், பெட்டியில் உதிரியாகக் கிடக்கும் ரிசீவர் இருந்தால் அதையும் சரியான டிரான்ஸ்மிட்டரோடு புதிதாகப் பைண்ட் செய்துவிடுங்கள். உங்களுக்குப் பழைய டிரான்ஸ்மிட்டரை விற்ற அந்தத் திடல் நண்பருக்கும் அறிவிப்பை அனுப்பி வையுங்கள். அவர் விமானங்களில் உள்ள ரிசீவர்களும் அதோடு பைண்ட் செய்யப்பட்டவையாக இருக்கலாம். மார்ச்சில் அசையாமல் நின்றது எந்த விமானம் என்று உங்கள் மகனுக்கு நினைவிருந்தால், முதலில் அதை எடுத்து மேசையில் வையுங்கள்.